ஒரு பிடி செங்கேழ்வரகு

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டை மருதங்கோ என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கப்பலில் வந்தது என்றால் கல்லைக்கூடத் தலையில் வைத்துக்கொள்வார்.

அந்த நாட்டில் அறுப்புத் திருவிழாவுக்குச் செங்கேழ்வரகில்தான் மது காய்ச்சுவார்கள். தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்துப் புளிக்கவைப்பார்கள். மழை குறைந்தாலும் விளைகிற தானியம் அது.

அரசவையில் நம்பிவேள் என்றொருவர். மந்திரி சாத்தனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் கப்பலில் வந்திறங்கிய வாற்கோதுமையை அள்ளிவந்து காட்டினார்.

“மகாராஜா, கடல் கடந்த ராஜாக்கள் எல்லாம் இதில்தான் மது காய்ச்சுகிறார்கள். இனி நம் வயலிலும் இதையே விதைப்போம். விதைக்கு வைத்திருக்கும் கேழ்வரகையும் சேர்த்துக் கூழாக்கி ஊருக்கு ஊற்றிவிடலாம்.”

“அப்படியே ஆகட்டும்!” என்றார் ராஜா.

சாத்தன் ஒரு மணியை எடுத்துக் கடித்தார். கப்பலின் ஈரத்தில் புழுங்கிய வாடை. உயிர் போன தானியம். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

மது காய்ச்சும் வேம்பி அவர் வீட்டுக்கு ஓடிவந்தாள். “சாமி, விதை சேத்து வெச்ச குலுக்கையத் தொறந்துட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ராஜா கேப்பாரு.”

“பொறு வேம்பி. வாற்கோதுமையை ஊறவைத்த பானையைச் சபை நடுவே திறக்கட்டும். அப்போது நம்பிவேள் மூஞ்சி போகிற போக்கைப் பார்!”

“அவரு மூஞ்சியப் பாத்து நாங்க என்ன பண்ண, சாமி?”

சாத்தன் சிரித்தார். அவளிடம் ஒரு பிடி கேழ்வரகு மட்டும் வாங்கிக்கொண்டார்.

சபை கூடியது. பானையைத் திறந்தார்கள். வாற்கோதுமை முளைக்காமல் நாறியது. சாத்தன் ஓர் ஈரத்துணியை அவிழ்த்தார். கேழ்வரகு வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது.

“நம்பிவேளே, உம்முடைய விருந்தாளி வருகிற வழியிலேயே செத்துவிட்டார். அடக்கம் செய்யலாம், மது காய்ச்ச முடியாது!”

சபை குலுங்கிச் சிரித்தது. சாத்தனுக்குப் போட ராஜா தன் முத்துமாலையைக் கழற்றினார். தலைகுனிந்து நின்ற நம்பிவேள் மெல்லக் கேட்டார்: “இது உமக்கு எப்போது தெரியும்?”

“நீர் கொண்டுவந்த அன்றைக்கே.”

ராஜாவின் கை அப்படியே நின்றது. “அன்றைக்கேயா? வயலில் விதைத்ததும் இதைத்தானே! கேழ்வரகு விதை முழுவதும் கூழாகிவிட்டதே!”

சாத்தனின் சிரிப்பு அடங்கியது.

“நம்பிவேள் தெரியாமல் கெடுத்தார். நான் யோசிக்காமல் கெடுத்தேன். நீர் தெரிந்தே கெடுத்தீர்” என்ற ராஜா, மாலையை வேம்பியிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. சாத்தன் கையிலிருந்த ஈரத்துணியைத்தான் வாங்கினாள். “இது பொழச்சாத்தான் சாமி, இனி நமக்கு விதை.”

அந்த வருஷம் திருவிழாவில் மது இல்லை. சாத்தன் தினமும் போய், வேம்பி அந்த முளைகளை நட்ட ஒரே பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். செத்துப்போன விருந்தாளியின் கதையை ஊரார் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். சாத்தன் மட்டும் அதற்குச் சிரித்ததே இல்லை.