சபைக்கு வந்த ரம்பை

முன்னொரு காலத்திலே சங்குத்துறை என்ற கடலோர நாட்டைச் செண்பகமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். அவனுடைய ராணி குமுதவல்லி ஈழத்துப் பெண். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட செடியின் நீள இலையை முடிச்சுப் போட்டு, சோற்றோடு சேர்த்து வேகவைப்பாள். ஒருநாள் அது ராஜாவின் வாயில் அகப்பட்டது. "சோற்றில் புல்லைப் போட நான் என்ன மாடா? இந்தப் புல் இனி அரண்மனைக்குள் வரக்கூடாது" என்று கத்தி, செடியையும் பிடுங்கி எறியச் சொன்னான். ராணி அடுத்த தோணியில் ஊருக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடலையே பார்த்தபடி நிற்பான். கேட்டால் "வயிறு சரியில்லை" என்பான். அவளுக்காகத்தான் ஏங்குகிறான் என்று சமையற்கட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். வாய்விட்டுச் சொல்ல வறட்டுக் கௌரவம் விடவில்லை. நாராய் இளைத்துவிட்டான். இப்படியே போனால் பிழைக்கமாட்டான் என்று வைத்தியரும் கைவிரித்துவிட்டார்.

மந்திரி அறவாழி சபையில் எழுந்தார். "மகாராஜா, ரம்பை வந்தால் பசி எடுக்குமாம், தூக்கமும் வருமாம். உள்ளே வர உத்தரவு வேண்டும்."

"தேவலோகத்து ரம்பையா? யார் வந்தால் என்ன, வரட்டும்" என்றான் ராஜா, கடல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமல்.

மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் தளபதி உத்தண்டர் துள்ளி எழுந்தார். "அந்த வேலையை என்னிடம் விடுங்கள். இவருக்கு ரம்பையைத் தெரியுமா, ஊர்வசியைத் தெரியுமா?"

"தாராளமாகக் கூட்டி வாருங்கள்" என்றார் மந்திரி.

மறுநாள் உத்தண்டர் ஓர் ஆட்டக்காரியின் உடம்பெல்லாம் ஜரிகை சுற்றி, ரம்பை என்று கூட்டிவந்தார். அவள் ஆடினாள். ராஜா கொட்டாவி விட்டான்.

"பசிக்கிறதா, மகாராஜா?" என்று குழைந்தார் உத்தண்டர்.

"இல்லை."

"எனக்குப் பசிக்குது சாமி," என்றாள் ஆட்டக்காரி. "இடுப்பு தெரியணும்னு காலையிலேருந்து இவரு ஒண்ணும் குடுக்கலை."

சபை சிரித்தது. "விருந்தாளிக்குச் சோறு கொண்டுவாருங்கள்" என்றார் மந்திரி.

பானையைத் திறந்ததும் மண்டபமெல்லாம் ராணி வேகவைக்கும் சோற்றின் வாசனை. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, ஆட்டக்காரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கண்ணீர் சோற்றில் விழ விழ, வாங்கி வாங்கிச் சாப்பிட்டான்.

"நான் தடுத்த புல்லை உள்ளே விட்டது யார்?"

"நீங்கள்தான், மகாராஜா. ரம்பைக்கு உத்தரவு கொடுத்தீர்களே. இந்த இலையின் பெயர் ரம்பை. பிடுங்கி எறிந்த செடி, சாக்கடை ஓரத்தில் வேர்விட்டு நிற்கிறது."

"இத்தனை நாள் தின்றேன். ஒருநாளும் அவளிடம் பெயரைக் கேட்கவில்லையே" என்றான் ராஜா.

மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். "ரம்பையைத் தெரிந்தவர் நீர்தானே, உத்தண்டரே? செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும்" என்றான். தளபதி தலையைத் தொங்கப்போட்டார்.

"இது உண்மையிலேயே மருந்தா, அறவாழி?"

"வயிற்றுக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்கள். நான் சத்தியம் பண்ணமாட்டேன். உங்கள் நோய்க்கு இலை போதாது, தோணி வேண்டும்."

அன்றே ராஜா கடலேறினான். குமுதவல்லியின் வாசலில் கிரீடம் இல்லாமல், கையில் அந்தச் செடியின் கன்றோடு நின்றான்.

"இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டான்.

அவள் கன்றைக் கையில் வாங்கிக்கொண்டாள். "ரம்பை" என்றாள். பிறகு, "இப்படி மெலிஞ்சு போனீங்களே" என்று சொல்லி, சாப்பாட்டுக்கு வாழையிலை போட உள்ளே போனாள்.