ஒரு வார்த்தை குறையாமல்

யாகப்பன் குருப்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அதற்குமுன் இருபது வருடத்துக்கு மேல் உபதேசியாராக ஊர் ஊராகப் போய் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் பிலோமியைக் கட்டிக்கொடுத்தார். பிறகு ஒருநாள் ஆயரிடம் போய், “என்னைச் சாமியாரா எடுத்துக்குவீங்களா?” என்று கேட்டார்.

குருமடத்தில் தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். அங்கே அருட்சாதனங்களைப் பற்றி வகுப்பெடுத்தவர் தைரியநாதர். தண்ணீர், எண்ணெய், அப்பம், வாயால் சொல்லும் வார்த்தை என்று நமக்குத் தெரிந்த ஏதோ ஒன்றின் வழியாகத்தான் தெரியாத அருள் வருகிறது என்று அவர் சொல்லுவார். யாகப்பனைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் யாகப்பனுக்கு அவர்தான் குரு.

பட்டம் கிடைத்த சமயத்தில் தைரியநாதர் பட்டாசு ஆலைகள் நிறைந்த ஒரு கரிசல் ஊருக்குப் பங்குத்தந்தையாகியிருந்தார். யாகப்பன் கேட்டு வாங்கிக்கொண்டு அவருக்கு உதவிக் குருவாகப் போனார். பிலோமி வாழ்க்கைப்பட்டதும் அந்த ஊரில்தான். அவள் ஆலை வேலைக்குப் போகும்போது கோயில் வாசலில் நின்று, “அப்பா, காப்பி குடிச்சீகளா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். ஊரே அவரைச் சாமி என்று கூப்பிட்டது. அவள் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆலையின் ஒன்பதாம் நம்பர் அறை வெடித்தது.

உள்ளே ஒன்பது பெண்கள் இருந்தார்கள். முன்வாசல் பக்கம்தான் தீப்பிடித்தது. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறேன், வெளியே போகிறேன் என்று பெண்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்பதற்காகப் போர்மேன் மாசிலாமணி போட்ட பூட்டு. சத்தம் கேட்டதும் அவரே சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கதவைத் திறந்தார். இரண்டு பேர் வெளியே விழுந்தார்கள். தீ மாசிலாமணியின் மீதும் பாய்ந்தது. மற்ற ஏழு பேர் வரவில்லை.

பிணவறையில் ஏழு பேரையும் துணியில் சுற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். பிலோமியின் புருஷனால் அடையாளம் சொல்ல முடியவில்லை. யாகப்பன்தான் ஒவ்வொருவரின் கால்மாட்டிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். பிலோமிக்கு இடது கால் சுண்டுவிரல் பிறவியிலேயே மடங்கியிருக்கும். மூன்றாவது ஆளிடம் நின்றார்.

“இதுதான்” என்றார்.

ஏழு பேருக்கும் ஒரே பூசை. தைரியநாதர் வைத்தார். யாகப்பன் பக்கத்தில் நின்றார். அழவில்லை. பாட வேண்டிய இடத்தில் பாடினார்.

வெடி விபத்து நடந்த ஒன்பதாம் நாள் தைரியநாதர் கிளைக் கிராமம் ஒன்றுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். யாகப்பன் மட்டும் சாமியார் வீட்டில் இருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மாசிலாமணியின் மனைவி ஞானசவுந்தரி. யாகப்பனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“பங்குச்சாமி இல்லையா?”

“இல்ல. சாயங்காலந்தான் வருவாரு.”

அவள் திரும்பி நடந்தாள். முற்றத்தின் பாதி தூரம் போயிருப்பாள்.

“என்னம்மா?” என்றார் யாகப்பன்.

அவள் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “டாக்டரு இன்னிக்குப் பொழுது தாண்டாதுன்னுட்டாக. சாமியாரைக் கூப்பிடு, சாமியாரைக் கூப்பிடுன்னு அனத்திக்கிட்டே கெடக்காக.” கொஞ்சம் நிறுத்தி, “நான் ஒங்களைக் கேக்கலை சாமி” என்றாள்.

சாகக் கிடப்பவன் கேட்டால் எந்தக் குருவும் போயாக வேண்டும். அது விதி. யாகப்பன் உள்ளே போய், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழை எடுத்தார். கழுத்தில் போடும் ஊதாப் பட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவளுக்கு முன்னால் நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனார். நாற்பது நிமிடப் பயணம்.

பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டு மாடியில் இருந்தது. மாசிலாமணியைக் கொசுவலைக் கூண்டுக்குள் கிடத்தியிருந்தார்கள். கண்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஞானசவுந்தரி வெளியே நின்றுகொண்டாள்.

“யாரு… சாமியா?” என்றார் மாசிலாமணி.

“சாமிதான்.”

“தைரியநாதர் சாமியா?”

யாகப்பன் ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க. செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லுங்க” என்றார்.

மாசிலாமணி என்ன சொன்னார் என்பது இந்தக் கதையில் வராது. எந்தக் கதையிலும் வராது.

அவர் சொல்லி முடித்தார். யாகப்பன் பாவமன்னிப்பு வார்த்தைகளைச் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. கையை உயர்த்தினார். அந்தக் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சொன்னார். எண்ணெய் பூச இடம் தேடினார். நெற்றி கட்டுக்குள் இருந்தது. கைகள் இரண்டும் கட்டுக்குள் இருந்தன. வலது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் மிச்சம் இருந்தது. அங்கே பூசினார். விரலில் அந்தச் சூடு தெரிந்தது.

மூன்றரை மணிக்கு மாசிலாமணியின் மூச்சு அடங்கியது.

“ஒன்பது நாளா கத்திக்கிட்டே இருந்தாரு. கடைசியில கொஞ்ச நேரம் நல்லாத் தூங்குனாரு” என்றாள் நர்ஸ்.

ஞானசவுந்தரி யாகப்பனின் காலைத் தொடக் குனிந்தாள். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிப் பூசை யாகப்பனுடையது. மணி அடித்தது. ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் வரவில்லை. தைரியநாதரே பூசையை வைத்து முடித்துவிட்டு அவருடைய அறைக்குப் போனார்.

யாகப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அங்கியை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

“நேத்துப் போயிருக்கீங்க” என்றார் தைரியநாதர்.

“போனேன்.”

“அவர் சொன்னதைப் பத்திப் பேசக்கூடாது.”

“அதைப் பேசலை சாமி. நான் சொன்னதைப் பத்தித்தான்.”

தைரியநாதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கையைத் தூக்கினேன். உன் பாவங்களை மன்னிக்கிறேன்னு வாய் சொல்லுது. நீ நரகத்துல வேகணும்டான்னு மனசு சொல்லுது. ரெண்டும் ஒரே நேரத்துல. வாய் எனக்குப் பெரிசாக் கேக்கலை. மனசுதான் கேட்டுச்சு.”

“ம்.”

“இன்னொண்ணும் நினைச்சேன். ஒரு வார்த்தையை விட்டுட்டா? ‘மன்னிக்கிறேன்’ங்கிற ஒரே வார்த்தை. அதை முழுங்கிட்டா அந்த ஆளுக்குத் தெரியப் போறதில்லை. வெளியில நிக்கிற சம்சாரத்துக்கும் தெரியாது. மன்னிப்பு கிடைச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே செத்துப் போவான். மேல போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது.”

“விட்டீங்களா?”

யாகப்பன் தரையைப் பார்த்தார்.

“இல்ல. ஒரு வார்த்தை குறையாமச் சொன்னேன்.”

“ஏன்?”

“தெரியல. விடணும்னுதான் இருந்தேன். வந்துருச்சு.”

யாகப்பன் தலையை நிமிர்த்தினார்.

“இப்பச் சொல்லுங்க சாமி. குருவானவன் பாவியா இருந்தாலும் அவன் கொடுக்கிற அருட்சாதனம் செல்லும். நீங்கதான் வகுப்புல சொன்னீங்க. நான் பரீட்சையில எழுதினேன். சரின்னு போட்டீங்க. இப்ப நான் பரீட்சைக்குக் கேக்கலை. நான் கொடுத்தது அந்த ஆளுக்குப் போய்ச் சேந்துச்சா?”

“சேந்துருச்சு.”

“முழுசா?”

“முழுசா.”

யாகப்பனின் முகம் இருண்டது. பிலோமியின் கால்விரலைப் பார்த்த அன்றுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

“சேரலைன்னு சொல்லணும்னு எதிர்பாத்தீங்களா?” என்று கேட்டார் தைரியநாதர்.

“ஆமா.”

வெளியே பூசை முடிந்து போகிற பெண்களின் பேச்சுக் குரல் கேட்டுத் தேய்ந்தது. யாகப்பன் திடீரென்று எழுந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“பூட்டினவனுக்கு எல்லாம் கிடைச்சுச்சு. பாவசங்கீர்த்தனம், எண்ணெய், பக்கத்துல ஒரு சாமியார், கடைசியில தூக்கம். உள்ள கெடந்தவளுக்கு என்ன சாமி கிடைச்சுச்சு? இருபது வருஷம் ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் உத்தம மனஸ்தாப ஜெபம் சொல்லிக்கொடுத்தவன் நான். என் பிள்ளை சாகையில அவ காதுல அதைச் சொல்ல ஆளில்ல. அரைக் கல் தொலைவுல கோயில். அங்க நான் உக்காந்திருக்கேன். அவளுக்கு யாரு எண்ணெய் பூசுனா? ஏழு பேர்ல ஒருத்திக்காவது யாரு பூசுனா?”

“யாரும் பூசலை.”

“அப்ப?”

“தெரியாது” என்றார் தைரியநாதர். “உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கதவு பூட்டியிருந்தது நமக்கு. ஆண்டவருக்கும் பூட்டியிருந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது.”

யாகப்பன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். பத்து நாளாக வராத அழுகை அப்போது வந்தது. நல்ல அழுகையாக இல்லை. கரகரவென்று, இருமல் மாதிரி வந்தது. தைரியநாதர் எழுந்து பக்கத்தில் போகவில்லை. தோளைத் தொடவில்லை. அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அடங்கியதும் யாகப்பன் மடித்து வைத்த அங்கியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“ஆயருக்கு எழுதிருங்க. இனிமே இந்தக் கையைத் தூக்க மாட்டேன். சாகிறவன் முன்னால நின்னு சபிச்ச ஆளு நான்.”

தைரியநாதர் அங்கியை வாங்கவில்லை.

“மாசிலாமணி சம்சாரம் வந்தது நேத்து மட்டும் இல்லை” என்றார். “முந்தாநாளே என்கிட்ட வந்துச்சு. அவர் கூப்பிடுறாருன்னு சொல்லுச்சு. வர்றேன், நீ போன்னு சொல்லி அனுப்பினேன்.”

யாகப்பன் திரும்பிப் பார்த்தார்.

“போகலை” என்றார் தைரியநாதர்.

“ஏன்?”

“போயிட்டு வந்து உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு இருந்துச்சு. ஏழு வீட்டுக்காரங்களும் என்ன சொல்லுவாங்கன்னு இருந்துச்சு. அந்த ஆளு மேல கோபமும் இருந்துச்சு. நேத்துக் கிராமத்துப் பூசை பத்து மணிக்கே முடிஞ்சிருச்சு. வேணும்னே சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன்.”

யாகப்பனின் கையிலிருந்து அங்கி கட்டிலில் விழுந்தது.

“ரெண்டு நாளு,” என்றார். “ரெண்டு நாளு அந்த ஆளு அந்த நெலைமையில காத்துக் கெடந்திருக்காரு.”

“ஆமா.”

“நீங்க போயிருந்தா நான் போயிருக்க வேண்டியதில்லையே.”

“ஆமா.”

“நேத்துக் காலையிலேயே உசுரு போயிருந்தா?”

“நான் பதில் சொல்லியிருக்கணும். உங்க பாவமாவது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு. என்னோடது அந்தத் தெருப்பக்கமே போகலை.”

யாகப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குருமடத்தில் அவருடைய வகுப்பில் போய் உட்கார்ந்த நாளிலிருந்து இந்த மனிதர் தப்புச் செய்து அவர் பார்த்ததில்லை. திட்ட வேண்டும் போல இருந்தது.

தைரியநாதர் போய்க் கதவைச் சாத்தினார். மேசை மேல் கிடந்த யாகப்பனின் ஊதாப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். பிறகு கட்டிலுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார்.

“என்ன சாமி இது?”

“என் பாவசங்கீர்த்தனத்தைக் கேளுங்க.”

“என்கிட்டயா? வேணாம். பக்கத்துப் பங்குக்குப் போங்க. நான் எந்த நெலைமையில இருக்கேன்னு இப்பத்தானே சொன்னேன்.”

“கேட்டேன்.”

“அப்புறமும் எப்படி?”

“நேத்து அந்த ஆளுக்குக் கொடுத்தீங்கள்ல, அதேதான் எனக்கும் வேணும். உங்ககிட்ட இருக்கிற வேற எதையும் நான் கேக்கலை.”

யாகப்பன் நின்றார். பட்டை அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே முழங்காலிட்டவர் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. கடைசியில் அவர் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காதைக் கொடுத்தார்.

தைரியநாதர் சொன்னதும் இந்தக் கதையில் வராது. அது நெடுநேரம் ஆயிற்று என்று மட்டும் சொல்லலாம். யாகப்பன் கையை உயர்த்தினார். குரல் நடுவில் உடைந்தது. ஆனால் முழுவதையும் சொன்னார்.

தைரியநாதர் எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. யாகப்பனின் கழுத்திலிருந்து பட்டையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வாங்க” என்றார்.

யாகப்பன் அசையவில்லை.

“நான் இன்னும் அவனை மன்னிக்கலை சாமி.”

“தெரியும்.”

“நாளைக்கும் மன்னிக்க மாட்டேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“இல்ல” என்றார் தைரியநாதர். “அதுலேருந்தே ஆரம்பிங்க.”