பத்துக் கோடி வயசுப் பெரியவர்

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரே ஒரு கிணறு. அதில் இருந்த ஒரே ஒரு தவளையும் தண்ணீர் தேடி வெளியூர் போய்விட்டது. ஊருக்கு வறட்டாங்குளம் என்று பேர். செம்மணல் தேரிக்கு நடுவே, பூமி வாயைப் பிளந்ததுபோல் கிடந்த ஒரு பெரும்பள்ளத்தின் ஓரத்தில் இருந்தது.

கல் ஆராய்கிற ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார்; ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியும் கூடவே வந்தது. பள்ளத்துச் சுவரில் பாறைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அவருக்கு முழங்கால் வலி, இறங்க முடியாது. தங்கப்பழத்தையும், அவன் மச்சினன் கொம்பையாவையும், பக்கத்து வீட்டுப் பலவேசத்தையும் கூப்பிட்டார்.

"கீழே போகப்போக வயசு கூடும். அடியில இருக்கிற வெள்ளைக் கல்லுக்குப் பத்துக் கோடி வயசு. அதை அலுங்காம கொண்டுவாங்க. பார்த்துட்டு எங்கே தண்ணி வரும்னு சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா போர் வண்டி அடுத்த ஊருக்குப் போயிடும்."

மூவரும் சுத்தியலோடு இறங்கினார்கள். பாதி வழியில் பலவேசம் செருப்பைக் கழற்றினான்.

"அண்ணாச்சி, இம்புட்டு வயசானவங்க முன்னால செருப்போடயா போறது?"

மணல் அடுப்பாய்க் கொதித்தது. மூவரும் துள்ளித் துள்ளி மரியாதையாக இறங்கினார்கள்.

அடியில் வெள்ளைப் பாறை, வீடு உயரத்துக்கு. கொம்பையா சுத்தியலை ஓங்கினான்.

"லே, நிறுத்து," என்றான் தங்கப்பழம். "உங்க அப்பாவைச் சுத்தியலால தட்டியா விசேஷத்துக்குக் கூப்பிடுவே?"

"பின்னே எப்படி அத்தான்?"

"வெத்தலை பாக்கு வச்சு."

பலவேசம் மடியிலிருந்த வெற்றிலையைப் பாறைமேல் வைத்தான். தங்கப்பழம் கைகூப்பி, பெரியவருக்குக் காது மந்தமாக இருக்கும் என்று உரக்கக் கேட்டான்:

"ஐயா, ஊருக்கு வாரியளா?"

"வாரியளா?" என்றது பள்ளம்.

"துணைக்கு ஆள் கேக்காரு. ஐயா, நாங்களும் வாரோம்," என்று மறுபடி கத்தினான் தங்கப்பழம்.

"வாரோம்... வாரோம்... வாரோம்..." என்று நாலு பக்கமும் கேட்டது.

கொம்பையா முகம் வெளுத்தது. "ஒருத்தரைக் கூப்பிட்டோம் அத்தான். குடும்பத்தோட வாராவ."

அழைத்தபிறகு திரும்பித் திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை. மூவரும் முன்னால் நடந்து மேலேறினார்கள்.

"கல் எங்கே?" என்றார் ஆபீசர்.

"பின்னால வாராவ சார்."

"யாரு?"

"எல்லாரும்."

ஆபீசர் பள்ளத்தைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். ஜீப்பில் ஏறினார். போர் வண்டியும் பின்னாலேயே போய்விட்டது.

"ஏன் போயிட்டாரு?" என்றான் பலவேசம்.

"அத்தனை பேருக்கும் ஜீப்புல இடம் ஏது? சங்கடப்பட்டுப் போயிட்டாரு," என்றான் தங்கப்பழம்.

"அப்போ தண்ணி?" என்றான் கொம்பையா, அழாத குறையாக.

"தண்ணிக்கு மேலேயே பத்துக் கோடி வருசம் உக்காந்திருந்தவங்க வாராவ. வெறுங்கையோடயா வருவாவ?" என்றான் தங்கப்பழம்.

அது நியாயமாகப் பட்டது. விருந்துக்கு உலை வைக்க அத்தானும் மச்சினனும் முன்னால் போனார்கள். பலவேசம் மட்டும் பொழுது சாயும்வரை காத்திருந்தான். பிறகு பள்ளத்துக்குள் குனிந்து, "ஐயா, குடம் எங்ககிட்ட இருக்கு. நீங்க தண்ணியை மட்டும் கொண்டுவாங்க," என்று சொல்லிவிட்டு அவனும் நடந்தான்.