கருங்கல் முற்றத்தில் மூன்று தட்டு

மலையடிவாரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஓர் அரண்மனை. அரண்மனையில் மகிழ்மாறன் என்றொரு ராஜா. எல்லாம் அந்தக் காலத்தில். ராஜாவை விடுங்கள், நம் கதை அந்த ஓடையில் இருந்த மூன்று தும்பிகளைப் பற்றியது. தட்டான் தட்டான் என்று வாலைப் பிடிக்க ஓடுவீர்களே, அந்தத் தும்பிதான்.

மூத்தவள் செங்கண்ணி, நடுவுள்ளவள் பொற்சிறகி, கடைக்குட்டி நீலவாலி. வருஷம் முழுக்கத் தண்ணீருக்குள் கல்லடியில் கிடந்து, பாறைமேல் ஏறித் தோலை உரித்துப் போட்டுச் சிறகோடு வந்தவர்கள். அந்தச் சிறகுக்கு ஆயுசு சில வாரந்தான். அதற்குள் ஓடுகிற தண்ணீரில் முட்டையிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வம்சமே அற்றுப்போகும்.

அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. ஓடை வற்றி, கற்களுக்கு நடுவே நூலாக ஓடியது. ராஜாவோ அப்போதுதான் முற்றம் முழுக்கக் கருங்கல் பாவி, முகம் தெரிகிற அளவுக்கு இழைத்து வைத்திருந்தார். வெயில் பட்டால் குளம் மாதிரி மின்னும்.

என்ன பளபளப்பு என்று செங்கண்ணி இறங்கினாள். வானமே தெரிகிறதென்று பொற்சிறகி இறங்கினாள். இருவரும் வாலைத் தட்டித் தட்டி முட்டையிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நீலவாலியும் இறங்கினாள். ஒரு தட்டு தட்டினாள், ஈரம் ஒட்டவில்லை. இன்னொரு தட்டு, குளிரவில்லை. மூன்றாவது தட்டில் வால் சுட்டது. முட்டையிடாமல் எழும்பிவிட்டாள்.

இவளுக்கு எதிலும் சந்தேகந்தான் என்று அக்காக்கள் கேலி செய்தார்கள். அவளுக்கு முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் அவர்களை விட்டுப் போக மனசு வரவில்லை. தரையில் ஒரு புங்க இலை கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாம வந்ததிலிருந்து அந்த இலை அசையவே இல்லை. ஓடுற தண்ணியில இலை இப்படி ஒரே இடத்துல கிடக்குமா?"

அக்காக்கள் அப்போதுதான் குனிந்து பார்த்தார்கள். இட்ட முட்டையெல்லாம் கல்லில் காய்ந்து கறுத்திருந்தது. செங்கண்ணி அழுதேவிட்டாள். நல்லவேளை, இருவர் வயிற்றிலும் பாதி முட்டை மீதம் இருந்தது. மூவரும் ஓடைக்குப் பறந்தார்கள், அந்த நூல் தண்ணீரிலேயே வால் நனைத்தார்கள், நிம்மதியாகக் கண்மூடினார்கள்.

மறுவருஷம் ஓடைப் பாறையெல்லாம் உரித்த தோல். முற்றமெல்லாம் இளந்தும்பிகள். எல்லாம் தன் கருங்கல்லின் மகிமை என்று ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார். தும்பிகள் என்ன செய்தன தெரியுமா? கல்லில் மூன்று தட்டு தட்டிவிட்டு ஓடைக்கே போயின.

பளபளப்பைக் கண்டு மயங்காமல், நமக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தவர்தாம் பிழைப்பார்.