அடிமரத்துப் பிசிறு

மடத்துச் சீடர்களிலேயே வயதில் மூத்தவர் கோதண்டம். குரு அபரஞ்சி அம்மாவைவிடவே மூத்தவர். ஆயுசு முழுக்கத் தையல் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, மனைவி போன பிறகு மன அமைதி தேடி வந்த மனுஷன்.

வாசலில் நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நாகலிங்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பட்டை சொரசொரப்பு, இலை கொத்துக் கொத்து, எல்லாம் சரி. பூவைத்தான் காணோம். பீரங்கிக் குண்டு மாதிரி காய்க்கும் என்றார்கள், அதுவும் இல்லை. நாகலிங்கப் பூவை அவர் பூஜைத் தட்டில் பார்த்திருக்கிறாரே தவிர, மரத்தில் பார்த்ததில்லை. கிளைகளை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

கிறுக்குத்தனமாக ஒரு கணக்கு வேறு போட்டு வைத்திருந்தார். இந்த வருஷமும் பூக்காவிட்டால் தனக்கும் ஞானத்துக்கும் ஒட்டாது, மகன் வீட்டுக்கே போய்விட வேண்டியது. பையைக்கூடக் கட்டியாகிவிட்டது.

கிளம்புகிற அன்று காலை, கடைசியாக ஒரு தடவை மரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அம்மா வந்தார். கோதண்டம் மனதில் இருந்ததைக் கொட்டினார். மரமும் பூக்கவில்லை, தியானத்தில் உட்கார்ந்தால் செத்துப்போன மனைவியின் முகம் வருகிறது, வெட்டி வெட்டி எறிந்தாலும் திரும்ப வந்து நிற்கிறது என்றார்.

"நிஜமாவே இது நாகலிங்கம்தானாம்மா?"

அம்மா அவர் காலடியில் இருந்த கூடைக்குள் கையை விட்டு, கோணல்மாணலான குச்சி ஒன்றை எடுத்தார்.

"இது என்ன?"

"பிசிறும்மா. அடிமரத்துல தொங்கிக்கிட்டே இருக்கு. துணியில நூல் தொங்கினாலே எனக்குப் பொறுக்காது. அப்பப்ப கத்தரிச்சு விட்டுடுவேன்."

குச்சி நெடுகச் சுண்டைக்காய் அளவில் பச்சை உருண்டைகள். அம்மா ஒன்றை நகத்தால் பிரித்தார். உள்ளே இளஞ்சிவப்பு. மெல்ல வாசனை வந்தது. பூஜைத் தட்டில் வருமே, அதே வாசனை.

கோதண்டம் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் பூவைத் தன் கையாலேயே வெட்டிப் போட்டிருக்கிறோம் என்று விளங்கியதும் விசும்பி விசும்பி அழுதார். அழுகை ஓய்ந்த பிறகு, இனி பூக்குமா என்று கேட்டார்.

அம்மா அடிமரத்தைக் காட்டினார். வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று தலை நீட்டியிருந்தது.

"அதுக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. விட்டா பூக்கும்."

"நான் என்னம்மா செய்யட்டும்?"

"உள்ள போய் உட்காருங்க. உங்க சம்சாரம் வந்தா, இந்தத் தடவை வெட்டாதீங்க."