சிரட்டைத் தண்ணீர்

கடலோரக் காட்டில், ஒரு பாலை மரத்தின் வேரடிக் குகையில், செம்பி என்ற நரி குடியிருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். மூத்தவன் குட்டன், இளையவள் மினுக்கி. அப்பன் நரி போன கோடையில் கண்ணியில் சிக்கிச் செத்துவிட்டது. அதிலிருந்து செம்பி தனியாகவே வேட்டைக்குப் போய்க் குட்டிகளை வளர்த்து வந்தது. யார் வாசலிலும் போய் நின்றதில்லை. அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சற்று மேலே, மணல்மேட்டில், முள்ளாயி என்ற முள்ளம்பன்றியின் வளை இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குளம். அந்தக் காட்டுக்கே குடிதண்ணீர் அதுதான்.

ஒரு நாள் காலையில் கடல் பக்கமிருந்து ஓர் ஆலாப் பறவை தள்ளாடிப் பறந்து வந்து குளக்கரையில் விழுந்தது. எல்லாரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பெரிய காத்து வருது," என்றது ஆலா. "கடல் கறுத்துப்போச்சு. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. வேண்டியதைச் சேத்து வெச்சுக்கிட்டு உள்ள இருங்க."

நாலு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அது மேற்கே பறந்து போய்விட்டது.

செம்பி அந்த நிமிடமே வேட்டைக்குக் கிளம்பியது. நண்டு, எலி, கரையில் ஒதுங்கிய மீன் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து குகையில் குவித்தது. மத்தியானத்துக்குள் குட்டிகள் படுக்கக்கூட இடமில்லாமல் போனது.

"இவ்வளவும் நமக்கா, அம்மா?" என்றது குட்டன்.

"நமக்குத்தான். புயல் எத்தனை நாள் அடிச்சாலும் நம்ம வீட்ல பசி கிடையாது," என்றது செம்பி.

கடைசி நடையாக வெளியே வந்தபோது குளக்கரையில் முள்ளாயியைப் பார்த்தது. முள்ளாயி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு, விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, தளும்பாமல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. வளை வாசலில் இன்னும் பல சிரட்டைகள் காத்திருந்தன. ஒவ்வொன்றையும் மூட அகல இலைகள் வைத்திருந்தது. உள்ளே கிழங்கும் கொட்டையும் கொஞ்சம்தான் இருந்தன. வளையின் பின்பக்கம் புதிதாக இன்னொரு வழி தோண்டியிருந்தது. ஒரு மூலையில் மின்மினிகள் சில ஒதுங்கியிருந்தன. காற்று அடிக்கும்போது தங்க இடம் தருகிறேன், இருட்டில் வெளிச்சம் தாருங்கள் என்று அவற்றோடு பேசி வைத்திருந்தது.

செம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முயல்களும் மயில்களும் பக்கத்தில் இருந்தது அதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"முள்ளாயி அக்கா, வானமே பொத்துக்கிட்டு ஊத்தப் போகுது. நீங்க என்னடான்னா சிரட்டையில தண்ணி சுமக்கிறீங்க. மழை உங்க வீட்டுக்கு மட்டும் வராதா?"

முயல்கள் சிரித்தன. மயில்களும் சிரித்தன.

முள்ளாயி சிரட்டையைக் கீழே வைத்தது. "மழைத்தண்ணி வரும், செம்பி. ஆனா கூட எது வந்து கலக்கும்னு நமக்குத் தெரியாதே. எங்கிட்ட வெறுஞ்சிரட்டை நிறைய இருக்கு. நீயும் நாலு நிரப்பி வெச்சுக்கோயேன். குட்டிங்க இருக்கிற வீடு."

"என் குட்டிங்களுக்குக் கறி இருக்கு. சிரட்டையை நீங்களே வெச்சு விளையாடுங்க," என்றது செம்பி. மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

முள்ளாயியின் முகம் சுருங்கியது. சிரட்டையைக் கவ்விக்கொண்டு நடந்தது.

சாயங்காலத்துக்கு முன்பே காற்று வந்துவிட்டது. முதலில் ஊளை, பிறகு இரைச்சல், அதற்குப் பிறகு காது அடைத்துப்போய் ஒன்றுமே கேட்கவில்லை. பாலை மரம் வேரோடு சாய்ந்து குகை வாசலை மூடிக்கொண்டது. ஒரு நரி நெளிந்து போகிற சந்துதான் மிச்சம். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. செம்பி குட்டிகளைக் கவ்வி உள்மேட்டில் ஏற்றி, தன் உடம்பால் மூடிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் காற்று நின்றது. செம்பி சந்து வழியாக வெளியே வந்து பார்த்தது. காட்டைக் காணவில்லை. நின்ற மரங்களிலும் இலை இல்லை. வானம் மட்டும் துடைத்துவிட்டது போலிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

குளத்துக்குப் போய் வாய் வைத்தது. உடனே துப்பியது. இரவோடிரவாகக் கடல் உள்ளே புகுந்து குளத்தில் கலந்திருந்தது. கெண்டை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பள்ளங்களில் தேங்கியிருந்த தண்ணீரையும் நக்கிப் பார்த்தது. எல்லாம் உப்பு.

குகையில் கறி இருந்தது. ஆனால் அதுவும் கடல்தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. குட்டிகள் பசியில் அதைத் தின்றன. தின்றதும் தாகம் இன்னும் கூடியது. செம்பி அசந்த நேரத்தில் குட்டன் வெளியே போய்ப் பள்ளத்துத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தது. வந்ததும் வாந்தி எடுத்தது.

அதற்கடுத்த நாள் கறி நாற ஆரம்பித்தது.

செம்பி மணல்மேட்டைப் பார்த்து நடந்தது. முள்ளாயியின் வளைக்குள் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. முயல்கள் வரிசையாக நின்று சிரட்டையில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. "ஆளுக்கு மூணு வாய்தான். எல்லாருக்கும் வேணும்," என்று முள்ளாயி சொல்வது கேட்டது.

செம்பி ஒரு புதருக்குப் பின்னால் நின்றது. அன்று எல்லாருக்கும் முன்னால் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? முயல்கள் என்ன நினைக்கும்? அவையும்தான் அன்று சிரித்தன. ஆனால் சிரிக்க வைத்தது யார்?

திரும்பி வந்துவிட்டது.

"தண்ணி கிடைச்சுதாம்மா?" என்றது மினுக்கி.

"மழை வரும். கொஞ்சம் பொறு."

அன்று வெயில் ஏறிய நேரத்தில் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து முள்ளாயியின் குரல் வந்தது.

"செம்பி, உள்ள இருக்கியா? குட்டிங்க நல்லாயிருக்காங்களா?"

மினுக்கி எழுந்தது. செம்பி அதை இழுத்து, வாயைத் தன் காலால் பொத்திக்கொண்டது. குட்டன் முனகியது. அதன் தலையைத் தன் வயிற்றுக்குள் அழுத்திக்கொண்டது. அழுகிய கறிக்கு நடுவில் நாக்கு வறண்டு கிடப்பதை முள்ளாயி வந்து பார்க்க வேண்டாம் என்றிருந்தது அதற்கு. நாமே எங்காவது தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தது.

முள்ளாயி இன்னொரு முறை கூப்பிட்டது. பிறகு காலடிகள் தேய்ந்து போயின.

செம்பி தேடத்தான் செய்தது. காடு முழுக்க விழுந்து கிடந்த மரங்களுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தது. பனையோலையில் படிந்த ஈரத்தை நக்கியது. அதுவும் கரித்தது. பாதங்கள் கிழிந்து, வெறும் வாயோடு திரும்பியது.

குட்டன் இப்போது தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தது. இருட்டில் அதன் முகம் தெரியவில்லை. செம்பி மூக்கை நக்கிப் பார்த்தது. காய்ந்த மரப்பட்டை போலிருந்தது.

"அம்மா," என்றது மினுக்கி, "முள்ளாயி பெரியம்மா நல்லவங்கதானே. கேட்டா குடுப்பாங்கதானே?"

 செம்பி எழுந்து சந்து வழியாக நெளிந்து வெளியே வந்தது. பிறகு ஓடியது.

வளை வாசலில் முயல்கள் உட்கார்ந்திருந்தன. செம்பி அவற்றைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, தண்ணி குடுங்க. குட்டன் பேச மாட்டேங்கிறான்," என்றது.

முள்ளாயி திடுக்கிட்டது. "நீ இங்கதான் இருக்கியா? வந்து கூப்பிட்டேனே, சத்தமே இல்லையே. காட்டை விட்டே போயிட்டீங்கன்னு நெனச்சேனே."

"இருந்தேன், அக்கா. கேட்டுது."

 முள்ளாயி உள்ளே போய், மூடி வைத்திருந்த கடைசி இரண்டு சிரட்டைகளில் ஒன்றைக் கவ்விக்கொண்டது. மற்றதைச் செம்பி கவ்வியது. மின்மினிகள் கூட வந்தன. ஓட முடியவில்லை. ஓடினால் தண்ணீர் சிந்திவிடும். செம்பி தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை.

மின்மினிகள் முதலில் உள்ளே போயின. அந்த வெளிச்சத்தில்தான் செம்பி தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கண்ணோரத்தில் உப்பு பூத்திருந்தது. மினுக்கி அதன் கழுத்தில் தலை வைத்துப் படுத்திருந்தது.

செம்பி சிரட்டையைச் சாய்த்துக் குட்டனின் வாயில் தண்ணீர் விட்டது. ஒரு பக்கம் விட்டது மறு பக்கம் வழிந்தது. மறுபடியும் விட்டது. அதுவும் வழிந்தது.

"குடிடா," என்றது செம்பி. "குட்டா, நல்ல தண்ணிடா. குடிடா."

முள்ளாயி மெதுவாக அந்தச் சிரட்டையைச் செம்பியிடமிருந்து நகர்த்தி மினுக்கியின் முன்னால் வைத்தது. மினுக்கி மூச்சு விடாமல் குடித்தது. குடித்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தது.

மணல்மேட்டின் சரிவில் முள்ளாயி குழி தோண்டியது. முயல்கள் வந்து மண் தள்ளின.  செம்பி குட்டனைக் கவ்விக் கொண்டுவந்து அதில் படுக்க வைத்தது. மண் மூடிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

"நீயும் குடி, செம்பி," என்றது முள்ளாயி.

"எனக்கு வேணாம்."

"மினுக்கிக்கு நீ வேணும். குடி."

செம்பி குடித்தது. ஒவ்வொரு வாயும் கல்லை விழுங்குவது போல இறங்கியது. சில நாள் கழித்து மழை பெய்தது. மினுக்கி பிழைத்து வளர்ந்தது. ஆனால் செம்பி அதற்குப் பிறகு யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை.

ஆபத்து வருமுன் சேர்த்து வைக்கத் தவறியதை அடுத்தவர் உதவியால் ஈடு செய்துவிடலாம். வெட்கத்தால் வாய் திறக்காமல் இருந்து இழந்ததை யாராலும் ஈடு செய்ய முடியாது.