கதவில்லாத கட்டடத்துக்குக் கையெழுத்து

அந்த அரசுப் பள்ளியில் மாணவியர் கழிப்பறை ஓராண்டாக வெறும் சுவராக நின்றது. சிறுமிகள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். ஆயினும் வேலை முடிந்ததெனச் சான்றளிக்குமாறு ஒப்பந்ததாரர் தணிகாசலம், பள்ளி எழுத்தர் மரகதவல்லியை மிரட்டினார்.

“கையெழுத்துப் போடாவிட்டால் மாற்றல்தான், அம்மா. மேலே எனக்கு ஆள் உண்டு.”

“போடுகிறேன், ஐயா. முத்திரை தலைமையாசிரியரிடம் இருக்கிறது. அவர் வரும்வரை மோர் சாப்பிடுங்கள்.”

மூன்று குவளை மோருக்குப்பின் தணிகாசலம் நெளிந்தார். “ஆசிரியர் கழிப்பறைச் சாவி எங்கே?”

“எதற்கு ஐயா? நீங்கள் கட்டியது இருக்கிறதே.”

“அங்கே எப்படியம்மா போவது? தண்ணீரில்லை, கதவுகூட இல்லை.”

மரகதவல்லி அவ்வாக்கியத்தை அப்படியே தாளில் எழுதி நீட்டினார். “கையெழுத்திடுங்கள், சாவி தருகிறேன்.”

தணிகாசலம் நின்றபடியே கையெழுத்திட்டார். எட்டு வயதுச் சிறுமிகள் ஓராண்டு தாங்கியதை, அவரால் அரைமணி நேரம் தாங்க முடியவில்லை.